போர்ஷே 944: கிழிந்த ஆக்சில் பூட் ரப்பரை வீட்டில் மாற்றும் முறை

பின்சக்கரத்தின் உள்பக்கத்திலும் ட்ரெய்லிங் ஆர்மிலும் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) கருப்பான பிசுபிசுப்பு ஒரே வரிசையாகத் தெறித்திருக்கிறதா? ஆக்சில் சுழலும் தளத்தில் அந்தக் கோடு சரியாக விழுந்திருந்தால் சிவி ஜாயிண்டின் (ஆக்சிலை வளைந்தபடியே சுழல விடும் மூட்டின்) ரப்பர் பூட், அதாவது கிரீஸைக் காக்கும் உறை, கிழிந்துவிட்டது என்று பொருள். ஆனால் கையில் தொட்டுப் பாராமல் முடிவுக்கு வர வேண்டாம். சிவி கிரீஸ் கெட்டியாக, ஈயக் கருப்பாக இருக்கும். தேன்போல் வழிந்து, கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயில். கியர்பாக்ஸ் ஃபிளான்ஜின் (ஆக்சில் போல்ட்டால் இணையும் வட்டத் தகட்டின்) ஆயில் சீல் கசிகிறது. இரண்டும் ஒரே இடத்தில் அழுக்காகத் தெரிவதால், சீல் போன வண்டிக்கு ரப்பரை மாற்றிவிட்டு, கசிவு நிற்கவில்லையே என்று குழம்புகிறவர்கள் உண்டு.

1982 முதல் 1991 வரை வந்த 944 வீட்டில் இந்த வேலை செய்ய ஏற்ற வண்டி. எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். கியர்பாக்ஸிலிருந்து ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஒரு ஆக்சில் போகிறது. அதன் இரண்டு முனையிலும் ஆறு குண்டுகள் கொண்ட ஜாயிண்ட். ஒவ்வொன்றும் ஆறு போல்ட்டில் ஃபிளான்ஜோடு இணைந்திருக்கிறது. பன்னிரண்டு போல்ட்டைக் கழற்றினால் ஆக்சில் முழுதாகக் கைக்கு வந்துவிடும். வெளி ஜாயிண்டும் சக்கர அச்சும் ஒரே உருப்படியாக இருக்கும் வண்டிகளில் முதலில் ஹப் நட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். 944-இல் அந்த நட்டைத் தொடவே வேண்டாம். 400 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கும் அதை வேறு காரணத்துக்காகவும் விளையாட்டாகத் தளர்த்தக் கூடாது. 924எஸ் வண்டிக்கும் இதே முறைதான். அக்கால 911-க்கும் அடிப்படை இதுவே. ஆனால் அதன் சில வருட வண்டிகளில் எம்8 (8 மி.மீ. தண்டு) போல்ட்டுக்குப் பதில் எம்10 இருக்கும், இறுக்கும் அளவும் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஜாயிண்டுக்குள் தூசி போவது ஒன்று. ஜாயிண்டுக்கு வெளியே, போல்ட்டிலும் ஃபிளான்ஜ் முகத்திலும், கிரீஸ் படிவது மற்றொன்று. கீழே சொல்லும் எல்லாம் இந்த இரண்டையும் தடுப்பதைச் சுற்றித்தான்.

ரப்பர் மட்டும் போதுமா?

ரப்பர் கிழிந்து சில வாரம்தான் ஆகியிருக்கிறது, சத்தம் எதுவும் இல்லை என்றால் ஜாயிண்டைக் கழுவி, புது கிரீஸ் வைத்து, புது ரப்பர் போடலாம். மழையிலும் மணலிலும் மாதக்கணக்கில் ஓடியிருந்தால் கிரீஸ் இருந்த இடத்தில் நீரும் மணலும் சேர்ந்து அரைத்திருக்கும். முன்சக்கர இழுவை வண்டியில் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் கேட்கும் டிக்-டிக் இங்கே கேட்காது; பின்சக்கரம் திரும்புவதில்லை. இங்கே கவனிக்க வேண்டியவை வேறு: ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது ஒரு 'டொக்', முடுக்கும்போது மட்டும் வேகத்தோடு கூடும் தாளமான தட்டல், நேர் சாலையில் இழுக்கும்போது ஓர் அதிர்வு. இவற்றில் ஒன்று இருந்தால் ரப்பர் செட்டோடு புது ஜாயிண்டுக்கும் விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு ரப்பரில் ஒன்று வயதாகிக் கிழிந்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான். ஆக்சிலைக் கீழே இறக்கிய பிறகு ஒரு முனையை மட்டும் மாற்றி மேலே ஏற்றுவது வீண் வேலை. குறைந்தது அந்த ஆக்சிலின் இரு முனையையும் மாற்றுங்கள்.

நடுவே பிளந்து, ஆக்சிலைக் கழற்றாமலே சுற்றி ஒட்டும் ரப்பரும் கடையில் கிடைக்கும். வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அது தற்காலிக உதவி. ஒட்டும் விளிம்பில் ஒரு துளி கிரீஸ் பட்டாலே பசை பிடிக்காது. கிரீஸ் சொட்டும் இடத்தில்தான் அதை ஒட்டியாக வேண்டும். மேலும் உள்ளே போன மணல் அப்படியே கிடக்கும். இந்த வண்டிக்கு அதை வாங்காதீர்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஓர் ஆக்சிலுக்கு: தகரத் தொப்பியோடு வரும் ரப்பர் 2, சிறு முனைக்கான கிளாம்ப் 2, முனை சர்க்லிப் (ஜாயிண்டை ஆக்சில் முனையில் பிடிக்கும் வளைய கிளிப்) 2, பேப்பர் காஸ்கெட் 2, எம்8 போல்ட் 12, இரண்டு துளை கொண்ட பிறை வாஷர் தகடு 6. மாலிப்டினம் டைசல்ஃபைட் கலந்த சிவி கிரீஸ் ஒரு ஜாயிண்டுக்கு 80 முதல் 100 கிராம். ரப்பர் செட்டோடு ஒரு பாக்கெட் வரும். எடையைப் பார்த்து, குறைந்தால் கூடுதலாக ஒரு குழாய் வாங்குங்கள். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இதற்கு ஆகாது. குண்டு பள்ளத்தில் உருண்டும் சறுக்கியும் ஓடுவதால் அந்த அழுத்தத்தைத் தாங்க மாலிப்டினம் தேவை.

பழைய போல்ட் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் புதிதே போடுங்கள். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு எம்8 வேண்டாம், தலையில் 12.9 என்ற வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும், நீளம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும்.

கருவிகளில் முக்கியமானது போல்ட் தலைக்குப் பொருந்தும் பிட். சில வண்டியில் 6 மி.மீ. ஆலன், சிலவற்றில் பன்னிரண்டு முனை கொண்ட எக்ஸ்இசட்என் எம்8. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தலை போய்விடும். பன்னிரண்டு முனைத் தலையில் டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர) பிட்டும் ஏறக்குறைய உட்காரும், திருப்பினால் பற்களைச் சிதைத்துவிடும். முதலில் ஒரு தலையைச் சுத்தம் செய்து, டார்ச் அடித்து, முனைகளை எண்ணிய பிறகு பிட்டை வாங்குங்கள். நல்ல தயாரிப்பாக, 100 மி.மீ. நீளமாவது உள்ளதாக இருக்கட்டும். ரப்பரின் புடைப்பைத் தாண்டி நேராக எட்ட வேண்டும். அதோடு 250 மி.மீ. எக்ஸ்டென்ஷன், நீளக் கைப்பிடி, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்), சர்க்லிப் பிளையர், காது கிளாம்பை நசுக்கும் இடுக்கி, பிரேக் கிளீனர் இரண்டு கேன், நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி. கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம். கருப்புக் கையோடு சுத்தமான ஜாயிண்டைத் தொட்டால் கழுவிய வேலை மறுபடி முதலிலிருந்து.

வண்டியைத் தூக்குதல்

சமதளமான கான்கிரீட் தரை வேண்டும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பின்சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட்டு, பின்பக்கம் முழுவதையும் தூக்கி, டார்ஷன் குழாய்க்கு (பின்சஸ்பென்ஷனின் குறுக்குக் குழாய்) கீழே இரண்டு ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே நுழையக் கூடாது. ஸ்டாண்டில் நின்ற பிறகு வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பாருங்கள்; உள்ளே படுத்துக்கொண்டு நீளக் கைப்பிடியை இழுக்கப் போகிறீர்கள்.

இரு சக்கரமும் அந்தரத்தில் வந்ததும் அவற்றைக் கழற்றிவிடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஆக்சிலைச் சுற்றி, எட்டும் போல்ட்டைக் கீழே கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துத் தளர்த்துவது, பிறகு பிரேக்கை விட்டு அடுத்ததைக் கொண்டுவருவது. உள்ளே உட்கார்ந்து பிரேக்கைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால் நேரம் பாதியாகும்.

போல்ட்

முழு வேலையிலும் ஆளைச் சோதிப்பது இதுதான். எல்லா போல்ட் தலையும் ஆக்சில் இருக்கும் பக்கம் பார்த்திருக்கும். பல வருட மண்ணும் கிரீஸும் தலைக் குழியில் இறுகிக் கிடக்கும். அதன்மேல் பிட்டை வைத்தால் பாதி ஆழம்தான் இறங்கும். திருப்பியதும் மேல் விளிம்பு மழுங்கும். ஆகவே ஒவ்வொரு குழியையும் கூரான ஊசியால் சுரண்டி, பிரேக் கிளீனர் அடித்து, அடித்தளம் பளபளப்பாகத் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். பிறகு பிட்டை வைத்து அதன் பின்புறம் சுத்தியால் இரண்டு தட்டு. பிட் அடியில் முட்டும் சத்தம் மாறும். அது கேட்ட பிறகே கைப்பிடி. பிட் போல்ட்டுக்கு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் அது ரப்பரில் முட்டிக்கொண்டிருக்கிறது. ரப்பர் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது, கத்தியால் வெட்டி வழி விடுங்கள்.

ஆறையும் முதலில் கால் சுற்று தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், கடைசி ஒன்றிரண்டு போல்ட்டில் ஜாயிண்ட் சாய்ந்து தொங்கி இழுக்கும்.

தலை மழுங்கிவிட்டதா? மற்ற ஐந்தையும் கழற்றிய பிறகு இதைப் பாருங்கள். சில நேரம் பாரம் குறைந்ததும் எளிதில் வரும். வராவிட்டால் கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட்டைச் சுத்தியால் அடித்து இறக்கித் திருப்பலாம். அதுவும் பலிக்காவிட்டால் 8.5 மி.மீ. டிரில்லால் தலையை மட்டும் துளைத்து எடுங்கள். தலை கழன்றதும் இறுக்கம் முழுவதும் போய்விடும். ஜாயிண்டை உருவிய பிறகு ஃபிளான்ஜில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைப் பிடி இடுக்கியால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் சிரமமில்லாமல் வரும். டிரில் செய்யும்போது பக்கத்தில் பிரேக் குழாய் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி போல்ட் வரும்போது ஆக்சிலை ஒரு கையால் தாங்குங்கள். ஒரு முனை கழன்று மறுமுனையில் ஆக்சில் தொங்கினால் அந்த ஜாயிண்ட் தன் எல்லைக்கு மேல் வளையும். கம்பியால் மேலே கட்டி வைத்துவிட்டு மறுமுனைக்குப் போகலாம். ஜாயிண்டுகள் நீளவாக்கில் சற்று உள்வாங்கும் வகை என்பதால், ஆக்சிலை கியர்பாக்ஸ் பக்கம் அழுத்தினால் வெளிமுனை ஃபிளான்ஜிலிருந்து விலகிக் கீழே இறங்கும். இறங்கியதும் இரு முனைக்கும் பிளாஸ்டிக் பை கட்டி, இடது வலது, உள் வெளி என்று எழுதி வையுங்கள். ஆக்சில் இல்லாத இந்த நேரத்தில் கியர்பாக்ஸ் சீலையும் சக்கர பேரிங்கின் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஜாயிண்டை ஆக்சிலிலிருந்து பிரித்தல்

பெயின்ட் பேனாவால் ஜாயிண்டின் வெளிமுகத்தில் ஒரு குறி போட்டு, ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தப் பக்கம் வெளியே பார்த்திருந்தது என்பது பிறகு தேவைப்படும். சர்க்லிப்பைக் கழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அவசியம், சர்க்லிப் துள்ளும். பழைய ரப்பரின் தகரத் தொப்பியை உளியும் சுத்தியும் கொண்டு சுற்றிச் சுற்றித் தட்டி ஜாயிண்டிலிருந்து பிரித்துப் பின்னால் தள்ளுங்கள்.

இனி ஜாயிண்டை ஆக்சில் பற்களிலிருந்து இறக்க வேண்டும். தாங்கு உள் வளையத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். வெளி வளையத்தைத் தாங்கிக்கொண்டு ஆக்சிலை அடித்தால் அடி முழுவதும் குண்டு வழியாகப் போய்ப் பள்ளத்தில் தடம் விழும். பிரஸ் இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் வைஸில் இரண்டு கனத்த தகடு வைத்து உள் வளையத்தைத் தாங்கி, ஆக்சில் முனையில் பித்தளைத் துண்டு வைத்து அடிக்கலாம். ஜாயிண்டுக்குப் பின்னால் சற்றே குழிவான வாஷர் ஒன்று இருக்கும். அதன் குழிவு எந்தப் பக்கம் பார்த்தது என்று உருவுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இது பழைய ரப்பரோடு சேர்ந்து குப்பைத் தொட்டிக்குப் போவது சகஜம்.

கழுவுதல், பார்த்தல்

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்து, கடைசியில் பிரேக் கிளீனர். கம்ப்ரசர் காற்றால் ஜாயிண்டைச் சுழலவிட்டு உலர்த்தும் பழக்கம் வேண்டாம்.

முழுச் சுத்தம் வேண்டுமென்றால் ஜாயிண்டைப் பிரிக்க வேண்டும். உள் வளையத்தையும் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூட்டையும் சேர்த்து 90 பாகை சாய்த்து வெளியே தள்ளினால் குண்டுகள் ஒவ்வொன்றாக வெளிவரும். ஒரு ஜாயிண்டின் குண்டு இன்னொன்றுக்குப் போகக் கூடாது. தொழிற்சாலையில் அளவு பார்த்துச் சேர்த்த ஜோடிகள் அவை. தனித்தனிக் கிண்ணம் வையுங்கள்.

பள்ளத்தில் குண்டு ஓடிய இடம் பளபளப்பான கோடாகத் தெரிவது இயல்பு. நகத்தை ஓட்டினால் தடுக்கும் குழி, உதிர்ந்த பொருக்கு, வெப்பத்தில் நீலம் பாய்ந்த இடம், கூட்டின் சன்னலில் குண்டு லொடலொடவென ஆடுவது — இதில் எது இருந்தாலும் அந்த ஜாயிண்டுக்கு விடை கொடுங்கள். கெட்ட ஜாயிண்டுக்குப் புது கிரீஸ் போட்டால் சத்தம் சில நாள் அடங்கும், அவ்வளவுதான்.

திரும்பப் பூட்டும்போது ஒரு விதி. உள் வளையத்திலும் வெளி வளையத்திலும் பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகள் சம அகலம் அல்ல. ஒன்று அகலம், அடுத்தது குறுகல் என்று மாறி மாறி வரும். வெளி வளையத்தின் அகல மேட்டுக்கு நேராக உள் வளையத்தின் குறுகல் மேடு வர வேண்டும். மாற்றி வைத்தாலும் குண்டுகள் உள்ளே போகும். ஆனால் ஜாயிண்ட் பூட்டிக்கொண்டு நகராது. அப்போது சுத்தியை எடுக்க வேண்டாம், திருப்பி வெளியே எடுத்து ஒரு பள்ளம் தள்ளிவைத்து மறுபடி முயலுங்கள். சரியாக உட்கார்ந்ததை விரல் சொல்லிவிடும்: உள் வளையம் முழு நீளத்துக்கும் கையழுத்தத்திலேயே உள்ளும் புறமும் போய்வரும்.

ஜாயிண்ட் ஓரளவு தேய்ந்திருக்கிறது, ஆனால் குழி இல்லை என்றால் ஒரு பழைய உத்தி உண்டு. முன்னோக்கி ஓடும்போது பள்ளத்தின் ஒரு சுவர்தான் பாரம் தாங்குகிறது. மறு சுவர் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். இடது ஆக்சிலை வலதுக்கும் வலதை இடதுக்கும், ஒவ்வொன்றிலும் கியர்பாக்ஸ் பக்க முனை கியர்பாக்ஸ் பக்கமே இருக்கும்படி மாற்றினால், தேயாத சுவர் வேலைக்கு வரும். இரு ஆக்சிலும் ஒரே நீளமா என்று அளந்த பிறகே செய்யுங்கள்.

கிரீஸும் புது ரப்பரும்

வரிசை முக்கியம்: முதலில் சிறு கிளாம்ப், பிறகு ரப்பர், பிறகு குழிவான வாஷர், பிறகு ஜாயிண்ட், கடைசியில் சர்க்லிப். ஜாயிண்டை அடித்து ஏற்றி முடித்த பிறகு மேசையில் கிளாம்ப் கிடப்பதைப் பார்ப்பது நல்ல அனுபவம் அல்ல. ஆக்சில் பற்களின்மேல் மின்நாடாவைச் சுற்றிவிட்டு ரப்பரை ஏற்றுங்கள். பற்கள் கத்திபோல் உள் உதட்டைக் கீறும். ரப்பரை மண்ணெண்ணெயாலோ பெட்ரோலாலோ துடைக்கக் கூடாது, உப்பிவிடும்.

ஜாயிண்டை முன்பிருந்த திசையிலேயே வைத்து, உள் வளையத்தில் மட்டும் முட்டும் குழாயால் தட்டி ஏற்றுங்கள். சர்க்லிப் பள்ளம் முழுதாகத் தெரியும்வரை ஏற வேண்டும். குழிவான வாஷர் எதிர்த்துத் தள்ளுவதால் கடைசி ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் பலம் தேவைப்படும். சர்க்லிப் சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று திருகுளியால் அழுத்திப் பாருங்கள்.

கிரீஸில் மூன்றில் இரண்டு பங்கை ஜாயிண்டின் வெளிமுகத்திலிருந்து கட்டைவிரலால் அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை குண்டுகளுக்கிடையே செலுத்துங்கள். மீதியை ரப்பருக்குள் வையுங்கள். அளவுக்கு மேல் போனால் ஓட்டத்தின் சூட்டில் அது வழி தேடி வெளியே வரும். அந்த வழி பெரும்பாலும் போல்ட் துளைதான்.

தகரத் தொப்பியை ஜாயிண்டின்மேல் தட்டி இறக்கும் முன் எதிரெதிர் துளைகளில் இரண்டு போல்ட்டைச் செருகி வையுங்கள். துளைகள் நேராக இல்லாமல் தொப்பி இறங்கிவிட்டால் பிறகு சுற்ற முடியாது, பிடுங்கினால் நெளியும்.

சிறு முனையை ஆக்சிலில் உள்ள அதன் பள்ளத்தில் உட்காரவைத்து, ஆக்சிலை நேராகப் பிடித்தபடி, உதட்டுக்கடியில் மெல்லிய மழுங்கிய கம்பியை நுழைத்து உள்ளே அடைபட்ட காற்றை விடுங்கள். ரப்பர் புடைக்காமலும் குழியாமலும் இயல்பான வடிவில் நிற்கும்போது கிளாம்பை நசுக்குங்கள். பிளாஸ்டிக் டையால் கட்டுவது வேண்டாம். நெடுஞ்சாலை வேகத்தில் அது கிரீஸைத் தடுக்காது.

திரும்ப மாட்டுதல்

ஃபிளான்ஜின் முகத்தையும் அதன் ஆறு திருகு துளைகளையும் ஜாயிண்டின் முகத்தையும் பிரேக் கிளீனரால் கழுவி, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கருப்பு ஏறாதவரை தொடரட்டும். எஞ்சினின் விசை போல்ட் தண்டு வழியாகப் போவதில்லை. இறுக்கிப் பிடித்த இரு முகங்களுக்கிடையிலான உராய்வு வழியாகப் போகிறது. அங்கே கிரீஸ் படலம் இருந்தால் முகங்கள் நுண்ணளவில் வழுக்கும், அந்த அசைவில் போல்ட் தானாகத் திரும்பித் தளரும். ஒன்று தளர்ந்தால் மற்றவை வெட்டுப்படும். 944-இலும் 911-இலும் வண்டி ஓடும்போதே ஆக்சில் கழன்று பக்கத்தில் உள்ளவற்றை அடித்து நொறுக்குவது இப்படித்தான்.

காஸ்கெட்டை வைத்து, ஆறு போல்ட்டையும் பிறை வாஷரோடு கையால் திருகி உட்காரவையுங்கள். பிறகு எதிரெதிராக, முதல் சுற்றில் 20 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 42. எம்8 போல்ட்டுக்கு அந்த 42தான் அளவு. கைக்கணக்கு வேண்டாம்; பிட், எக்ஸ்டென்ஷன் எல்லாம் சேர்ந்த நீளத்தில் கை ஏமாற்றும். இறுக்கி முடித்த ஒவ்வொன்றிலும் பெயின்ட் பேனாவால் போல்ட் தலையையும் தொப்பியையும் சேர்த்து ஒரு கோடு இழுங்கள்.

ஆக்சிலைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். ரப்பர் எதிலும் உரசக் கூடாது. சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, நட்டுகளை 130 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி உள்ளே போய்ப் பன்னிரண்டு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். காஸ்கெட் அமுங்குவதால் ஒன்றிரண்டு சற்று நகரலாம். அதற்குப் பிறகும் பெயின்ட் கோடு விலகிக்கொண்டே இருந்தால் மேலும் இறுக்கிப் பயனில்லை. அந்த முனையை இறக்கி, முகத்தைக் கழுவி, புது போல்ட்டோடு மாட்டுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் தொப்பியின் விளிம்பில் மெல்லிய கிரீஸ் வளையம் தெரிந்தால், துடைத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குப் பின் பாருங்கள். மறுபடி வந்தால் காஸ்கெட் சரியாக உட்காரவில்லை. சிறு முனைப் பக்கம் வந்தால் கிளாம்ப் தளர்வு. அதற்கு ஆக்சிலை இறக்க வேண்டியதில்லை, இடுக்கி மட்டும் போதும்.